இரவுக்கு நாலு குளிசை

ஸெய்னுதீன் காக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய கால்களைத்தான் சொல்ல வேண்டும். முகத்திலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் அவரை உழவு நேரத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு குதிக்காலும் வெடித்து, வெடிப்புக்குள் சேறு கறுப்பாகப் படிந்து கிடக்கும். பெருநாள் தொழுகைக்குப் புதுச் சாரமும் வெள்ளைச் சேட்டும் போட்டு வருவார். கால் மட்டும் வயலில்தான் நிற்கும். வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால் அதற்கு அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. சைக்கிள் கடையில் சுப்பர் குளூ வாங்கி, ஒரு சொட்டு விட்டு, இரண்டு பக்கத்தையும் விரலால் நெருக்கிப் பிடிப்பார். பத்துத் தரம் ஸலவாத்துச் சொல்லி முடிப்பதற்குள் ஒட்டிவிடும். உள்ளே சேறு இருந்ததா, புண் இருந்ததா என்றெல்லாம் பார்க்கமாட்டார். மேலே மூடிவிட்டால் சரி.

எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். நான் பஹ்மியா. திருகோணமலை மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில், கிருமி வளர்த்துப் பார்க்கிற அறையில் பதினாறு வருடமாக வேலை. தினமும் காலையில் கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில் போய், பின்னேரம் திரும்பி வருகிறவள். நோயாளிகளை நான் காண்பதில்லை. அவர்களுடைய சளியும் சலமும் சீழும் இரத்தமும்தான் என் மேசைக்கு வரும். அதனாலோ என்னவோ, மனிதர்களைக் கண்டால் அவர்களுக்குள் என்ன வளர்கிறது என்ற யோசனைதான் முதலில் வரும். கெட்ட பழக்கம்தான். ஆனால் பெரும்பாலும் நான் நினைத்தது பிழையாகப் போனதில்லை.

ஸெய்னுதீன் காக்காவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. வாப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரையும் அவர்தான் உழுது தருவார். ஐம்பத்திரண்டு வயது, பிள்ளைகள் இல்லை. இரண்டு வருடம் சவூதியில் லொறி ஓட்டிவிட்டு, அந்த மண்ணைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது, உழ முடியாத மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று கேட்டபடி திரும்பி வந்தவர். வந்ததும் ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் வாங்கினார். இரும்புச் சில்லுப் பூட்டி, சேற்றுக்குள் இறக்கி, பின்னால் வெறுங்காலோடு நடந்து பிடிக்கிற இரண்டு சில்லு மெஷின். சில்லு சுற்றச் சுற்றச் சேறு தூறலாகக் கிளம்பி அவருடைய முகத்திலும் வாயிலும் அடிக்கும். துப்பிவிட்டுப் பாட்டைத் தொடர்வார்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் தனியாக உழுவதில்லை. குளத்துத் தண்ணீர் திறந்துவிட்டால் குறித்த நாளுக்குள் வட்டை என்கிற வயல்வெளி முழுவதும் உழுது முடிய வேண்டும். அதனால் எட்டு லேண்ட்மாஸ்டர்கள் ஒன்றாக இறங்கும். முன்னால் ஸெய்னுதீன் காக்கா, பின்னால் ஏழு பேர். ஒருவன் படுத்தால் மற்றவர்கள் அவனுடைய பங்கை முறைவைத்து உழுது முடித்துக் கொடுப்பார்கள். யாரும் எழுதி வைத்ததல்ல, அப்படித்தான்.

மழைக்கு முன்னால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கட்டடத்துக்கு வந்து குளிசை கொடுப்பார். எலியின் சலம் கலந்த தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் காவலுக்கு. கிழமைக்கு ஒரு தரம் இரண்டு குளிசை. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லமாட்டேன். பலர் வாங்கிக்கொண்டு போய் அலுமாரிக்குள் வைத்துவிட்டு மறந்துபோவார்கள். ஸெய்னுதீன் காக்கா மறக்கமாட்டார். அவருடைய தம்பி எலிக்காய்ச்சலில் நாலே நாளில் மௌத்தானவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோறு தின்றதும் தானும் போட்டு, ஏழு பேரையும் நிற்கவைத்துப் போடவைப்பார். போடாதவனுடைய மெஷினை வயலில் இறங்கவிடமாட்டார். மற்ற எல்லா விஷயத்திலும் சிரித்துக்கொண்டு போகிற மனிதர், கிழமைக் குளிசை என்று வந்தால் பொலிஸ்காரர்.

அந்த வருடம் கார்த்திகை வெள்ளத்தில் விதைத்தது எல்லாம் அழுகிப்போனது. பதினொரு நாள் வட்டையில் தண்ணீர் வடியவில்லை. வடிந்ததும் மறுபடி உழ இறங்கினார்கள். இரண்டு கிழமை போகவில்லை, ஸெய்னுதீன் காக்காவுக்குக் காய்ச்சல். பின்னேரம் வரும், வியர்த்துக் கொட்டும், காலையில் இருக்காது. காலையில் இல்லாத காய்ச்சல் காய்ச்சலே இல்லை என்று அவர் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கிழமைக் குளிசை தவறாமல் போட்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் செய்யாது என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. காய்ச்சல் விடவில்லை என்றதும் இரண்டு கிழமைக்குரியதைச் சேர்த்துப் போட்டார்.

அவருடைய மனைவி றஹ்மா ராத்தா என்னிடம் வந்தபோது சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு அவர் மெலிந்திருந்தார். இருமல் வேறு. நான் சீனி பார்க்கிற மெஷினைக் கொண்டுபோய் விரலில் குத்தினேன். நானூற்றுப் பத்து. முந்தநாள் கலியாண வீட்டில் சாப்பிட்டதால் இருக்கும் என்றார். எத்தனை வருடமாகச் சீனி வருத்தத்தை உடம்பில் வைத்துக்கொண்டு திரிந்தாரோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார்.

எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் தெரிந்தது. கசமாக, காசநோயாக இருக்கலாம் என்று வார்ட்டில் பேசிக்கொண்டார்கள். அவருடைய இரத்தம் இரண்டு போத்தலில் என் மேசைக்கு வந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன் கிருமி வளர்க்கிற ஒரு தட்டில் சிறிய சாம்பல் நிறப் புள்ளிகள் வளர்ந்தன. வெளி அழுக்குக் கலந்துவிட்டது என்று எழுதி, இரண்டாம் நாளே அழித்துவிட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். பிறகு கொழும்பில் ஒரு பயிற்சியில் அதே புள்ளிகளைத் திரையில் காட்டி, இது அழுக்கல்ல, மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி, இதை வீசுகிறவர்கள் ஒரு ஆளை வீசுகிறார்கள் என்றார்கள். அந்தத் தட்டுக்குரியவர் யார், பிறகு என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயந்தேன் என்று சொல்வதுதான் சரி.

ஆகவே இந்த முறை வீசவில்லை. இரண்டாம் நாள் புள்ளிகள் சாதாரணமாக இருந்தன. நாலாம் நாள் வற்றிய குளத்தின் அடிமண்ணைப் போலச் சுருங்கி வரிவரியாகக் கிடந்தன. அந்தத் தட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது என்பது கண்டிப்பான கட்டளை. மூச்சோடு உள்ளே போனால் பார்க்கிறவளுக்கும் வரும். நான் மூடியை இறுக்கி ஒட்டினேன்.

மற்றக் கிருமிகளைப் பற்றி எனக்குக் கோபம்தான் வரும், இதைப் பற்றிப் பயம் வரும். காரணம், இதற்கு மனிதன் தேவையே இல்லை. சேற்றில் பிறந்து சேற்றிலேயே சுகமாக இருக்கிற சீவன். எங்கள் காலில் வெடிப்பு இருந்தால் நுழையும், சேற்றுத் தூறலை மூச்சில் இழுத்தாலும் நுழையும். கிருமி வந்தால் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அதைப் பிடித்து விழுங்கும். விழுங்கப்பட்ட கிருமி பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும். இது சாகாது. தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருந்து, பெருகி, சுவரை உடைத்துப் பக்கத்து அணுவுக்குப் போகும். வெளியே தலைகாட்டாமல் ஈரலுக்குப் போகும், மண்ணீரலுக்குப் போகும். அங்கே உடம்பு அதோடு சண்டை பிடித்து, சண்டையில் தன் சதையையே அழித்துச் சீழாக்கிக்கொள்ளும். சீனி வருத்தம் உள்ளவனின் உடம்பில் காவலும் பலவீனம். சில பேருக்குள் வருடக்கணக்காக ஒன்றும் செய்யாமல் படுத்திருந்துவிட்டு எழும்பியதும் உண்டு. மருந்தை அரைகுறையாக விட்டால் அது நிச்சயம் போனது என்று யாராலும் சொல்ல ஏலாது.

நான் வார்ட்டுக்குப் போன் எடுத்தேன். பெரிய டொக்டர் மருந்தை மாற்றினார். ஸ்கேன் பண்ணிப் பார்த்தபோது ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள். நாலு கிழமை ஊசி. முதல் ஒன்பது நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. றஹ்மா ராத்தா கட்டிலடியில் இருந்து ஓதிக்கொண்டேயிருந்தா. பத்தாம் நாள் இறங்கியது. மூன்றாம் கிழமை ஆஸ்பத்திரிச் சோற்றைக் குறை சொல்லத் தொடங்கினார், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த நாலு கிழமையும் அவருடைய பங்கு உழவை ஏழு பேரும் செய்தார்கள். ஞாயிறு ஒருவன், திங்கள் இன்னொருவன் என்று ஆளுக்கு ஒரு நாள். அந்த நாளில் தன் மெஷினை விட்டுவிட்டு அவருடைய மெஷினைப் பிடிப்பான். அதைக் கேட்டபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

எனக்கு அந்த மாதம் தலைகால் புரியவில்லை. கள்ளனைக் கையோடு பிடித்தவள் மாதிரி ஆஸ்பத்திரி முழுக்கத் திரிந்தேன். அந்தப் பெருமையோடுதான் அவரை வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு வார்ட்டுக்குப் போனேன். டொக்டர் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லியிருந்தார். இனி ஐந்து மாதம் வெள்ளைக் குளிசை. காலையில் நாலு, இரவுக்கு நாலு, ஒன்று தவறக்கூடாது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவர் கட்டிலில் கால் தொங்கப்போட்டு இருந்தார். கிழமைக் குளிசை போட்டும் எப்படி வந்தது என்று கேட்டார். அவருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

"அது எலிக்காய்ச்சலுக்கு, காக்கா. இந்தச் சேத்துக் கிருமிக்கு அது காவலில்ல. இதக் கொல்லுற குளிசை இப்ப உங்கட கையில இருக்கிறதுதான்."

"அப்ப இந்தக் கிருமி என்ட வயல்ல மட்டுமா புள்ள?"

வட்டை முழுக்க இருக்கும், நீங்கள் எட்டுப் பேரும் இறங்குகிற எல்லாச் சேற்றிலும் இருக்கும் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, என் சொல்லை அவர் இவ்வளவு கவனமாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. அப்படியென்றால் மற்ற ஏழு பேரும் என்ன செய்வது என்று கேட்டார். பூட்ஸ் போடவேண்டும், புண்ணை மூடிக் கட்டவேண்டும், சீனி பார்க்கவேண்டும் என்று அடுக்கினேன். பூட்ஸைச் சேறு வைத்துக்கொண்டு காலை மட்டும்தான் திருப்பித் தரும் என்று சிரித்தார். பிறகு குளிசைப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்துவிட்டு என் வேலைக்குப் போனேன்.

முதல் இரண்டு மாதமும் அவர் ஒரு குளிசைகூடத் தவறவிடவில்லை, அதற்கு நான் சாட்சி. நோன்பு வந்தது. சீனி வருத்தக்காரன் பிடிக்கவேண்டாம் என்று டொக்டரும் சொன்னார், நானும் கத்தினேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் ஸஹருக்கு நாலு, நோன்பு திறந்து நாலு என்று கணக்காகப் போட்டார். பெருநாள் முடிந்ததும் நான் போய்ப் பார்ப்பதை விட்டேன். முகம் தெளிந்திருந்தது, உடம்பு தேறியிருந்தது, எனக்கும் வேலை குவிந்திருந்தது.

சித்திரையில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். அவருக்குச் சேற்றில் இறங்கத் தடை. செருப்புப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்று ஏழு பேரையும் ஏவிக்கொண்டிருந்தார். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு யாராவது ஒருவன் அவருடைய முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவன். நோயாளிக்குப் பேச்சுத் துணையாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு போவேன். மாதக் கிளினிக்கில் டொக்டர் குளிசை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டால் குளிசை தீர்ந்த வெறும் அட்டைகளை எடுத்துக் காட்டுவார்.

"ஒண்டும் மிச்சமில்ல டொக்டர்," என்பார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. அன்றும் சொல்லவில்லை.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவருக்குக் குளிர் நடுங்கியது. புதன் காலையில் கொண்டுபோனோம். இந்த முறை அது நேரம் எடுக்கவில்லை. அன்றைக்கே மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் விழுந்து, மூச்சு கொடுக்கிற மெஷினில் போட்டார்கள். முதல் முறை கொடுத்த அதே ஊசியை வந்த உடனேயே கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை லுஹருக்கு முன் மௌத்தானார். அஸருக்குப் பிறகு அடக்கினார்கள்.

அவருடைய இரத்தத்தைத் தட்டில் இட்டது நான்தான். ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாத நாளிலும் போய்த் திறந்து பார்த்தேன். அதே சாம்பல் புள்ளிகள். ஆளை மண்ணுக்குள் வைத்து இரண்டு நாள். அது மட்டும் என் முன்னால் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தது. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதோ என்று சோதித்தேன். இல்லை, அந்த வெள்ளைக் குளிசை இப்போதும் அதைக் கொன்றது. அப்படியென்றால் ஏன் திரும்பி வந்தது? எந்த நாளாவது குளிசையைத் தவறவிட்டாரா என்று டொக்டர் கேட்டார். றஹ்மா ராத்தா ஒவ்வொரு மாதமும் அட்டையெல்லாம் வெறுமையாகித்தான் அடுத்ததை வாங்கியதாகச் சத்தியம் பண்ணினா. நான் நோன்பைக் குற்றம் சொன்னேன், சீனியைக் குற்றம் சொன்னேன். டொக்டர் மூன்று மாதத்தோடு வயிற்றை மறுபடி ஸ்கேன் பண்ணவில்லை என்று அவரையும் மனதுக்குள் திட்டினேன்.

ஏழாம் நாள் கத்தத்துக்கு ஏழு பேரும் வந்து முற்றத்தில் இருந்து ஓதினார்கள். றஹ்மா ராத்தா கணவனை இழந்தவளுக்குரிய இத்தாவில் உள் அறையில் இருந்தா. நான் வெளிக்கிட்டு வரும்போது கேற்றடியில் பஸ்லான் நின்றார். ஏழு பேரில் மூத்தவர், நாற்பது வயதிருக்கும். மற்ற ஆறு பேரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

மிஸ்ஸிடம் ஓர் உதவி கேட்கவேண்டும் என்று தொடங்கினார். இந்தச் சிறுபோகத்தில் தங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை, அதற்குக் காக்கா தந்த குளிசைதான் காரணம், அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தைக் கொடுக்கவேண்டும் என்றார். கிழமைக் குளிசையா என்று கேட்டேன். இல்லை, ஆஸ்பத்திரி வெள்ளைக் குளிசை என்றார். காக்கா படுத்திருந்தபோது ஆளுக்கு ஒரு நாள் உழுது கொடுத்தார்களே, அதே முறையில் ஆளுக்கு ஒரு நாள். அவரவர் நாளில் மஃரிபுக்குப் பிறகு போனால், காக்கா நாலு குளிசை எடுத்துக் கையில் கொடுத்து, தன் கண் முன்னாலேயே போடவைத்து, தேத்தண்ணியும் தந்து அனுப்புவாராம்.

"அவருக்குக் காலையில போடுற நாலு போதுமாம். இரவுக்குள்ள நாலு எங்களுக்குக் காவலுக்காம். அந்தக் கிழமைக் குளிசை இந்தக் கிருமிக்குச் சரிவராதெண்டு நீங்கதான் சொன்னீங்களாம் மிஸ்."

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். கபுறடிக்குப் போய் அந்த மனிதரை எழுப்பி ஏசவேண்டும் போலிருந்தது. அடுத்த மூச்சில் அந்த ஆத்திரம் முழுவதும் என் மேல் திரும்பியது. வார்ட்டில் பெருமையடித்தது நான். கிருமிக்கு மருந்து எது என்று சொன்னவள், அது கிழமைக்கு ஒரு தரம் போட்டுக் காவல் காக்கிற மருந்து அல்ல என்று சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பஸ்லான் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். பெரும்போகத்துக்கு இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது, மிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் குளிசையை எடுத்துத் தர ஏலுமா, ஆளுக்கு நாலு போதும் என்றார்.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அடுத்த போகத்தில் வேறொருவன் காய்ச்சலோடு, காவல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வீட்டில் கிடப்பான். சொல்லாமல் விட்டதன் பலனை ஒரு தரம் பார்த்தாயிற்று. அதனால் சொன்னேன். அந்தக் குளிசை உங்களைக் காக்கவில்லை, உங்களுக்குக் கிருமி நுழையாதது உங்கள் அதிர்ஷ்டம் என்றேன். இரவுக்குரிய நாலும் அவருடைய உடம்புக்குள் ஒளிந்திருந்ததைக் கொல்லத் தந்தது, பாதி மருந்தில் அது சாகவில்லை என்றேன். அதனால்தான் திரும்பி வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட யாராலும் ஏலாது, ஆனால் எனக்கு வேறு காரணம் தெரியவில்லை என்றும் சொன்னேன். பிழை உங்களுடையதல்ல என்று சொன்னது அவர்களுக்குக் கேட்டதோ தெரியாது.

பஸ்லான் தலையைக் குனிந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து எண்ணினார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார்.

"எனக்குச் செவ்வாய்க்கிழமை மிஸ்," என்றார். "ஒம்பது செவ்வாய் திண்டிருக்கன்."